ஊசி அசையாத பத்தொன்பது நாள்

1

இந்தக் கதை என் மைத்துனன் வாயைக் கிளறி வாங்கியது. கான்கிரீட்டிலிருந்து கசியும் ரேடான் வாயுவைச் சுவர்ப் பூச்சு தடுக்கிறதா என்று சோதிக்கும் ஆய்வகத்தில் அவனுக்கு வேலை. அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை; வருடக்கணக்கில் மூச்சோடு போனால் உயிருக்கே உலை வைக்கும் என்றான். உடனே ஒரு ஆய்வகப் பெண்ணை உண்டாக்கினேன். பட்டப்பெயர் கறாரம்மா.

(முதல் தொடக்கம்: "மழை பிடித்துக்கொண்ட அந்த மாலை..." அடித்துவிட்டேன். ஆய்வகத்துக்குள் மழைக்கு என்ன வேலை?)

2

கறாரம்மா கான்கிரீட் பலகைக்கு இரண்டு கை பூச்சு அடித்தாள். காய்ந்ததும் இரண்டு இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே வைத்து, ஓரமெல்லாம் ரப்பர் கொடுத்து இறுக்கினாள். கீழ்ப்பெட்டிக்கு வாயு உருளையிலிருந்து குழாய், மேல்பெட்டியில் அளவுமானி. (                ) பத்தொன்பது நாள் பார்த்தாள். ஊசி அசையவில்லை.

அவள் தங்கை வீட்டுக் கீழ்த்தள அறையில் ரேடான் அதிகம். அதே பூச்சை அடித்துவிட்டுத் தங்கை காத்திருந்தாள்.

"பாப்பாவை அங்க படுக்க வைக்கலாமாக்கா?"

"தாராளமா. நானே சோதிச்சேன். ஒரு பொட்டுகூட வெளிய வராது."

"நீ சொன்னா சரிதான்."

சுபம் போட்டுவிட்டுக் கைகால் நீட்டிப் படுத்தேன்.

3

மைத்துனன் படித்தான்.

"எல்லாம் சரி மாமா. உருளைக்கும் பெட்டிக்கும் நடுவுல இருக்கிற வால்வை எப்பத் திறந்தாங்க?"

"எழுதலையா?"

"நீங்களே பாருங்க."

தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். ரப்பரை எழுதியிருக்கிறேன், ஊசியை எழுதியிருக்கிறேன். வால்வை நான் திறக்கவே இல்லை. ஆகவே அவளும் திறக்கவில்லை. பத்தொன்பது நாளும் அந்தப் பலகையை வாயு தொட்டதே கிடையாது. இத்தனை கறாரானவளா மறந்தாள்? ஆமாம். வாயு வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவளுக்கு, வராதது சந்தேகமாகவே படவில்லை. எனக்கும்தான்.

"ஒரு வரி சேத்துடுங்க மாமா, யாருக்குத் தெரியப் போவுது?"

"அவள் வால்வைத் திற—" என்று எழுதப் போனேன்; கை ஓடவில்லை. திறந்திருந்தால் ஊசி என்ன காட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாதே! கதையிலோ குழந்தை அந்த அறையில் படுக்க ஆரம்பித்துப் பதினோரு நாளாகிவிட்டது.

(மாற்று முடிவு: அறையில் குழந்தை இல்லை, பழைய சாமான்கள்தான். கேவலம். இதையும் அடித்துவிட்டேன்.)

4

அவளைத் திரும்ப ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பெட்டியைக் கழற்ற வந்தவள் வால்வின் கைப்பிடியைப் பார்க்கிறாள். குழாய்க்குக் குறுக்கே இருக்கிறது. குறுக்கே என்றால் அடைப்பு. போன் அடிக்கிறது.

"அக்கா, பாப்பா அந்த ரூம்ல என்னமாத் தூங்குது தெரியுமா! எல்லாம் உன்னாலதான்."

அவளைப் பேசவைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டாம் பகுதியில் ஒரு வெற்று அடைப்புக்குறி இருக்கிறது. கதையை முடித்த பிறகு நான் போட்டது. அந்த அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒரு வரி எழுதி வால்வைத் திறந்துவிட்டால் கறாரம்மா தப்பித்துக்கொள்வாள், நானும்தான். குழந்தை தப்புமா என்பது அந்தப் பூச்சுக்குத்தான் தெரியும். பேனாவை உங்களிடம் கொடுத்துவிட்டேன். தங்கை இன்னும் போனை வைக்கவில்லை.

"அக்கா? கேக்குதா?"