பக்கத்தின் உள்ளே பார்க்கும் முகம்

பேருந்து நிலையத் தூணில் ஒட்டியிருந்த போஸ்டரின் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது. அவள் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து ஒட்டினாள். இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கொஞ்சம் கோணல். மறுபடி பிய்த்து, தூணின் விளிம்புக்கு இணையாக வைத்து, நகத்தால் நீவி நீவி ஒட்டினாள். அப்பா காணாமல் போய் ஒன்பது நாள் ஆகிறது, மகள் நின்று கோணல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேட்பவர்களுக்கு எரிச்சல் வந்தால் அதில் தப்பே இல்லை, அவளுக்கே வந்தது. ஆனால் மூன்று வருடம் டிசைன் படித்த கண், வீட்டில் துக்கம் என்று தெரிந்ததும் லீவு போட்டுவிட்டுப் போய்விடுவதில்லை. ஒரு கோட்டுக்கும் இன்னொரு கோட்டுக்கும் நடுவில் மயிரிழை கூடினாலும் பொறுக்கமாட்டாள் என்பதால் வகுப்பில் அவளுக்கு மில்லிமீட்டர் என்று பெயர். அப்பாவுக்கு இந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும். "மீட்டர்காரன் பொண்ணு மில்லிமீட்டர்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவர் அவர். எந்த வீட்டில் எந்தச் சுவரில் மீட்டர் இருக்கிறது, எந்த வாசலில் நாய் கடிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் மறதி ஆரம்பித்தது. முதலில் சாவி, பிறகு கிழமை, பிறகு பக்கத்து வீட்டுக்காரர். எல்லாம் போன பிறகும் அந்த நடை மட்டும் கால்களில் மிச்சமிருந்தது. காலை ஆறரை ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு, "ரவுண்டு போயிட்டு வந்துடுறேன்" என்று கிளம்புவார். அம்மா வாசலில் மறித்து ஏதாவது சொல்லித் திருப்பிக் கூட்டிவருவாள். அந்தச் செவ்வாய்க்கிழமை அம்மா குளித்துக்கொண்டிருந்தாள், மகள் கல்லூரிக்குப் போய்விட்டிருந்தாள். தாழ்ப்பாளைத் திறக்க அவருக்கு மறக்கவில்லை.

அன்று மாலையே அவள் போஸ்டர் செய்ய உட்கார்ந்தாள். அம்மாவும் போலீஸும் சொந்தக்காரர்களும் தெருத்தெருவாக அலைந்தபோது இவள் ஆறு மணி நேரம் லேப்டாப் முன் இருந்தாள். சோம்பேறித்தனமில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வேலை, அப்பாவுக்காக அதை உயிரைக் கொடுத்துச் செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தாள். புகைப்படம் கைவசம் இருந்தது. இரண்டாம் வருடம் 'வீட்டில் ஒருவர்' என்று உருவப்படப் பயிற்சி கொடுத்தார்கள். ஜன்னலோரம் உட்காரவைத்து அவரை எடுத்தாள். மூக்குக்கண்ணாடிக்குள் கண்கள் சிரிக்க, அவ்வளவு அழகாக வந்திருந்தார். அப்பாவின் ஒரு கன்னத்தில் காதோரத்திலிருந்து தாடைவரை இரண்டு விரல் அகலத்துக்குத் தழும்பு உண்டு. எட்டு வருடத்துக்கு முன் ஒரு வீட்டில் மீட்டர் பெட்டியைத் திறந்தபோது தீப்பொறி பறந்து வெந்துபோனது. தோல் வெளுத்து, மினுமினுவென்று இருக்கும். படத்தில் அது வெளிச்சத்தைக் கெடுத்ததால் கணினியில் பக்குவமாக அழித்தாள். முகத்தையும் இடவலமாகத் திருப்பிப் போட்டாள். முகம் எப்போதும் பக்கத்தின் உள்ளே பார்க்க வேண்டும், வெளியே பார்த்தால் படிப்பவரின் கண்ணும் வெளியே ஓடிவிடும் என்பது வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம். அப்பாவுக்கும் அந்தப் படம் பிடித்துப்போனது. "நான் இவ்ளோ நல்லாவா இருக்கேன்?" என்றார். அதே படத்தைத்தான் போஸ்டரில் வைத்தாள்.

எழுத்துக்கு அதைவிட நேரம் ஆனது. தலைப்பு மெல்லிய எழுத்தில், சாம்பல் நிறத்தில். சுற்றிலும் தாராளமாக வெள்ளை இடம். கீழே ஐந்து வரி. தேடக் கிளம்பும் முன் அம்மா சொல்லச் சொல்ல எழுதிய அடையாளக் குறிப்பு ஆறாவது வரிக்கு இறங்கி, 'கன்னத்தில் தழும்பு' என்ற இரண்டு சொற்கள் மட்டும் அடியில் அநாதையாகத் தொங்கின. பத்தியின் கடைசியில் இப்படித் தனியாகத் தொங்கும் சொற்களைப் போல அவளை வதைப்பது வேறெதுவுமில்லை. இடைவெளியைக் குறுக்கிப் பார்த்தாள், எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தாள், பக்கத்தின் அமைப்பே குலைந்தது. படத்தில்தான் தழும்பே இல்லையே, சொன்னால் குழப்பம்தானே என்று தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு அந்த இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டாள். ஐந்து வரியும் கச்சிதமாக உட்கார்ந்தன.

மறுநாள் ஜெராக்ஸ் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஏம்மா, காணவில்லைன்னா செவப்புல கொட்டை எழுத்துல போடணும்மா. இது டாக்டர் விசிட்டிங் கார்டு மாதிரி இருக்கு."

"இப்படியே போடுங்கண்ணா."

"போன் நம்பராவது பெருசா..."

"இப்படியே போடுங்க."

அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தாள். போன பருவத்தில் தெருவைக் கவனித்துக் குறிப்பேடு எழுதும் பயிற்சியில் முழு மதிப்பெண் வாங்கியவள் அவள். 'இந்தத் தெருவில் எல்லாரும் கத்துகிறார்கள்' என்று அதில் எழுதியிருந்தாள். 'செருப்புக் கடை கத்துகிறது. பல் டாக்டர் கத்துகிறார். வாடகைக்கு வீடு என்பதைக்கூட நான்கு நிறத்தில் கத்துகிறார்கள். இவர்கள் நடுவில் யாராவது ஒருவர் மெல்லப் பேசினால் நான் அவரிடம்தான் போவேன்.' போஸ்டரை வகுப்புக் குழுவில் போட்டபோது அவளுடைய ஆசிரியையே வாட்ஸ்அப்பில் எழுதினார்: 'துயரத்தை இவ்வளவு அமைதியாகச் சொல்ல முடியும் என்று இன்றுதான் பார்த்தேன். அலட்டலே இல்லாத வேலை. தைரியமாக இருங்கள்.' கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அப்பா காணாமல் போன மூன்றாம் நாள் அது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நொடிதான், ஆனால் இருந்தது.

நூற்றைம்பது போஸ்டர். மருத்துவமனை, சந்தை, பள்ளிக்கூடச் சுவர், பேருந்து நிலையம் எல்லா இடத்திலும் அவளே போய் ஒட்டினாள். ஒரு போன்கூட வரவில்லை. இன்று ஒன்பதாம் நாள், கிழிந்ததையெல்லாம் சரிசெய்துகொண்டு வரும்போதுதான் இந்தத் தூணுக்கு வந்தாள்.

காத்திருப்போர் கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்மணி துடைப்பத்தை ஊன்றி நின்று இவளையே பார்த்தாள். "இந்த விளம்பரத்தை நீதான் ஒட்டுனியாம்மா? எந்தக் கடை?"

"கடையா?"

"கண்ணாடிக் கடைதானே? எனக்கும் கிட்டத்துல எழுத்து தெரிய மாட்டேங்குது, அதான் கேட்டேன்."

"அக்கா, இது எங்க அப்பா. காணாம போயிட்டாரு."

பெண்மணி அருகில் வந்து, தலையைப் பின்னுக்கு இழுத்து, போஸ்டரை மேலும் கீழும் பார்த்தாள். "ஐயோ, அப்படியா கண்ணு! எனக்குப் புரியவே இல்லியே. சிரிச்சிட்டு வேற இருக்காரு."

"இந்தப் பக்கம் எங்கயாச்சும் பாத்தீங்களா? உயரமா இருப்பாரு. கோடு போட்ட சட்டை. வீட்டு வாசல் வந்தா மேல சுவரைப் பாத்துட்டே நடப்பாரு."

பெண்மணியின் முகம் மாறியது. "செவுத்தைப் பாத்துட்டா? இங்க ஒருத்தர் மூணு நாளா இருந்தாரும்மா. அந்தா, அந்த சுவிட்ச் பெட்டியையே பாத்துட்டு நிப்பாரு. கையில என்னமோ எழுதுற மாதிரி பண்ணுவாரு. ஆனா அவரு இவரு இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"அவருக்கு மூஞ்சில இப்படி வெந்த தழும்பு இருந்துச்சே. பாத்ததும் அதுதானே தெரியும். இவருக்கு மூஞ்சி மாசு மருவில்லாம பளபளன்னு இருக்கு."

எங்கே உட்கார்ந்திருந்தார் என்று அவள் கேட்டாள். பெண்மணி தூணைச் சுற்றியிருந்த சிமெண்ட் மேடையைக் காட்டினாள். அதே தூண். போஸ்டர் ஒட்டியிருந்ததற்கு நேர் கீழே.

"நான் தின்ன ரொட்டியில பாதி குடுப்பேன், வாங்கிக்குவாரு. மரியாதையான மனுஷன். ஒரு நாள் நின்னு இதையே பாத்துட்டிருந்தாரு. 'யாரோ நல்ல குடும்பத்து ஆளு போலிருக்கு, வீட்ல தேடுவாங்க, பாவம்'னாரு." சொல்லிவிட்டு, தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தவள்போல வாயைப் பொத்திக்கொண்டாள். "அவருதானா கண்ணு? உங்கப்பாவுக்குத் தழும்பு உண்டா? அதை எழுதக் கூடாதா, தாயே! எழுதிருந்தா யாராச்சும் படிச்சுச் சொல்லிருப்பாங்களே. நான் கையைப் புடிச்சு உக்கார வெச்சிருப்பேனே!"

"இப்ப எங்க?"

"நேத்து காலையில வந்து பாக்கறேன், ஆளக் காணோம். எந்த வண்டியில ஏறுனாரோ."

நிலையத்து போலீஸ் அறைக்கு ஓடினாள். அங்கிருந்தவர் நல்லவர்தான், முழுவதும் கேட்டு எழுதிக்கொண்டார். நேற்று காலை மட்டும் நாற்பது வண்டி கிளம்பியிருக்கிறது, எட்டுத் திசைக்கும். தழும்பு தெரிகிற மாதிரி ஒரு படம் கொடுங்கள், எல்லா நிலையத்துக்கும் இப்போதே அனுப்புகிறேன் என்றார். பெண்மணி கைகாட்டிய மேடையில் அப்பா மூன்று நாள் உட்கார்ந்திருந்திருக்கிறார். அந்த மூன்று நாளும் அவள் ஊரின் மறுகோடியில் போஸ்டரின் ஓரங்களை நீவிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தாள். அவள் கேலி செய்து எழுதிய அதே தெரு. செருப்புக் கடை கத்தியது, பல் டாக்டர் கத்தினார். மின்கம்பத்தில் யாரோ ஒருவர் வீட்டுப் பூனையைத் தேடிக் காகிதம் ஒட்டியிருந்தார். மார்க்கர் பேனாவால் கோணல்மாணலாக எழுதி, பூனையைக் கையாலேயே வரைந்து, ஒரு காதில் பெரிய அம்புக்குறி போட்டு 'இந்தக் காது கிழிஞ்சிருக்கும்' என்று எழுதியிருந்தது. கீழே போன் நம்பரை வால்வாலாக வெட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் நான்கு வாலை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவள் அதன் முன் நின்று நடுத்தெருவில் வாய்விட்டு அழுதாள். காதைப் பார்த்து வரைந்த கை அது. இவளோ அப்பாவின் முகத்தை வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உகந்த ஒரு வடிவமாக மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் பழைய படத்தைத் தேடினாள். அழித்து முடித்த பிறகு அதன் மேலேயே சேமித்திருந்தாள், அசல் இல்லை. அடையாள அட்டையில் இருப்பது தழும்புக்கு முந்தைய முகம். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். தன் போனைத் திறந்தாள். நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். கதவு எண்கள், கடைப் பலகைகள், சாக்கடை மூடிகள், கழிப்பறை அம்புக்குறிகள். இவற்றில் பாதியை எடுக்கும்போது அப்பா கூட வந்திருக்கிறார், வழி சொன்னதே அவர்தான். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். ஒரே ஒரு படத்தில் இருந்தார். ஒரு பழைய இரும்புப் பலகை எவ்வளவு பெரியது என்று தெரிவதற்காக அதன் பக்கத்தில் கையை நீட்டச் சொல்லியிருந்தாள். முழங்கைவரை அப்பா.

சரி, தழும்பை வரைந்தாவது சேர்ப்போம் என்று லேப்டாப்பில் அந்த முகத்தைத் திறந்து, திரையில் வரையும் எழுதுகோலைக் கையில் எடுத்தாள். கை நின்றுவிட்டது. எந்தக் கன்னம்? கண்ணை மூடினால் அவள் செய்த படம்தான் வருகிறது. அது திருப்பிப் போட்டது. அதைத் திருப்பினால் இது, இதைத் திருப்பினால் அது. உண்மை முகம் எங்கேயோ நழுவிப்போய்விட்டது. நினைக்க நினைக்க இரண்டு கன்னத்திலும் தழும்பு வந்தது, இரண்டிலும் மறைந்தது.

அம்மா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தைக்க வேண்டிய பள்ளிக்கூடச் சீருடைகள் வெட்டி வைத்தது வைத்தபடி குவிந்து கிடந்தன. ஒன்பது நாளாக மெஷினின் உறையைக் கழற்றவில்லை. நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னாள், தொங்கிய இரண்டு சொற்கள் உட்பட. அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"அம்மா, தழும்பு எந்தப் பக்கம்மா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "என்னடி கேக்குற நீ?"

"ஞாபகம் வர மாட்டேங்குதும்மா. சத்தியமா வர மாட்டேங்குது."

"இடது..." என்று அம்மா ஆரம்பித்தாள். நிறுத்தினாள். "இல்ல, எனக்கு இடது. அவருக்கு... இருடி, குழப்பாத." தன் கன்னத்தையே மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது. பிறகு சட்டென்று எழுந்து அறையின் நடுவில் வந்து நின்றாள். "சொல்லத் தெரியல. மருந்து போட்டுவிடும்போது எதிர்ல நிப்பாரு. கை தானா போகும்."

அம்மா கண்களை மூடிக்கொண்டாள். மருந்தைத் தொட்டதுபோல விரல்களை ஒன்றோடொன்று தேய்த்து, தன் தலைக்கு மேலே, அப்பாவின் உயரத்துக்குக் கையைத் தூக்கினாள். கை காற்றில் கொஞ்ச நேரம் தடுமாறியது. பிறகு ஓரிடத்தில் நின்று, அங்கிருந்து கீழே, மெல்ல, வலிக்கும் என்று பயந்தவள்போல மிக மெல்ல இறங்கியது. தாடை இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் ஒருமுறை துடைத்துவிட்டது. மடியில் லேப்டாப்புடன் தரையில் உட்கார்ந்திருந்த மகள், அந்தக் கை போன வழியை விடாமல் பார்த்தபடி எழுதுகோலை நகர்த்தினாள். கோடு முடிந்த பிறகும் அம்மா கையைக் கீழே இறக்கவில்லை.