முதலில் படிப்பவர்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கதைப் புத்தகம் என்றாலே கொட்டாவி வரும். செய்தித்தாளில்கூட விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டமாட்டார். அவர் மனைவி நேர் எதிர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை அவளுக்கு. வேலை விட்டால் நேரே நூலகம். மொழிபெயர்ப்பு நாவல்கள் என்றால் உயிர். பனி கொட்டும் தேசத்துக் குதிரைவண்டிக்காரனும், ஏதோ தீவில் வலை பின்னும் விதவையும் அவள் பேச்சில் சொந்தபந்தம் மாதிரி வந்துபோவார்கள். "உங்க வண்டிக்காரப் பெரியப்பா சௌக்கியமா?" என்று அவர் கேலி செய்வார்.

அவர்கள் மகள் பாப்பா ஆறு வயதில் மூளைக்காய்ச்சலில் போன பிறகு அந்தப் பேச்சு நின்றது. சில மாதம் கழித்து அவள் மறுபடி நூலகத்துக்குப் போனாள். ஆனால் எந்தப் புத்தகத்தையும் முடிக்க முடியவில்லை. எந்த நாட்டுக் கதையை எடுத்தாலும் நடுவில் ஒரு குழந்தை இருமத் தொடங்கியது. ஒரு நாள் புத்தகத்தை வீசிவிட்டு, பிள்ளையைப் பிழைக்கவைக்க இந்த எழுத்தாளர்களில் ஒருத்தருக்குமா மனசு வராது என்று அழுதாள்.

அவர் புத்தகத்தை எடுத்து, மடங்கிய பக்கங்களை நீவிவிட்டார். "இனிமே நான் முதல்ல படிச்சுப் பாக்கறேன். அந்த மாதிரி எதுவும் இல்லேன்னா நீ படி."

வேலை பார்க்கும் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் ஓடும் அறையில், சாப்பாட்டு நேரத்தில் கைக்கறையைத் துடைத்துக்கொண்டு உட்காருவார். முதலில் பக்கங்களைப் புரட்டிக் குழந்தைகளை மட்டும் தேடினார். வாயில் நுழையாத பெயர்களுக்குப் பதிலாக நெட்டை, தாடி, மூக்கன் என்று தானே பெயர் வைத்துக்கொண்டார். நாளாக ஆக அந்த மனிதர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். பாலைவனத்தில் கிணறு வெட்டுகிறவனுக்குத் தண்ணீர் கிடைத்ததா என்று தெரியாமல் அவருக்கு வேலை ஓடவில்லை. ஆனாலும் வீட்டில் "படிக்கலாம்" அல்லது "வேண்டாம்", அவ்வளவுதான் சொல்வார்.

அவளும் மேற்கொண்டு கேட்பதில்லை. பாப்பா போன அன்று அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, ஆகவேண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவள் மனதில் முள்ளாகத் தங்கியிருந்தது.

பிறகு ஒரு மலைநாட்டு நாவல் வந்தது. மெலிந்த புத்தகம். கூரை வேய்கிறவனின் மகனுக்குக் காய்ச்சல். தகப்பன் மருந்து வாங்க அடிவாரத்துக்கு இறங்குகிறான். திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. மறுநாள் யாரிடமும் பேசாமல் பக்கத்து வீட்டுக் கூரைமேல் ஏறி வேலையைத் தொடங்குகிறான். அதற்கு மேல் எழுதியவர் அவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மோட்டார் இரைச்சலில் மெக்கானிக் வாய்விட்டு அழுதார்.

சாயங்காலம் அவளே, "இதைப் படிக்கலாமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்," என்றார். பிறகு, "பையன் போறப்போ அப்பன் பக்கத்துல இல்ல. மருந்துக்குப் போயிருந்தான்."

அவள் அவர் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் ஊசிமருந்தைக் கையில வச்சுக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரி மாடிக்கு வந்தேன். அப்புறம் அதை என்ன பண்றதுன்னே தெரியல."

"அன்னிக்கு உடனே திரும்பிக் கீழ போனீங்களே, அதுக்கா?"

"ம். மருந்துக் கடைப் பொண்ணு ஏன் திருப்பிக் குடுக்கறீங்கன்னு கேட்டுச்சு. தேவைப்படலைன்னு சொன்னேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதமாகக் கேட்காததை அவர் அப்போதுதான் கேட்டார். "நான் இல்லாதப்போ பாப்பா ஏதாவது சொன்னாளா?"

"அப்பா எங்கன்னு கேட்டா. மருந்து வாங்கப் போயிருக்காரு, இப்ப வந்துடுவாருன்னேன்."

"அதுக்கு?"

"சரின்னா."

அவர் அழுதார். அவள் முதல் தடவையாக அதைப் பார்த்தாள்.

அந்த நாவலை அவள் அந்த வாரமே படித்தாள், ஒரு பக்கம் விடாமல். அந்தத் தகப்பனைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.