சோடா வாங்காத சம்பந்தம்

லோஷாவின் கணவருக்கு முதலில் கால்விரல் போனது, அப்புறம் பாதம். மூன்றாம் வருடம் ஆளே போனார். சர்க்கரை வியாதி. மெக்சிகோவில் எங்கள் சியாபாஸ் மலையில் குழாயில் தண்ணீர் வராத நாள் உண்டு; கடையில் சர்க்கரை போட்ட கலர் சோடா இல்லாத நாள் கிடையாது.

போன மழைக்காலத்தில் லோஷாவுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்றுப் பதினெட்டு.

"இன்னும் வியாதி ஆகல, வாசல்ல நிக்குது," என்றாள் நர்ஸ். "சோடாவை விட்டுட்டு, தினம் நடந்து, எடையக் கொஞ்சம் குறைச்சா வராமலே தடுக்கலாம்."

நாளுக்கு மூன்று பாட்டில் குடித்தவள் அன்றோடு நிறுத்தினாள். முதல் வாரம் தலைவலியில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள்.

அப்போதுதான் மகள் கத்தாலைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் சோடாவைப் பெண்ணின் தாய் குடித்தால்தான் சம்மதம் என்று அர்த்தம். மாப்பிள்ளை மன்வேலின் பெரியப்பா ஷாலிக், ஊர்ப் பெரிய மனிதர், சோடா கிடங்கு வைத்திருப்பவர். முற்றத்தில் ஆறு பெட்டிகளை இறக்கி, ஒரு பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"பொண்ணைத் தர்றேன். இதைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க," என்றாள் லோஷா.

"குடிக்கலேன்னா எங்களை வேணாம்னு சொல்றதா ஆகும்."

"நீங்க வேணும். இது வேணாம்."

"ஒரு வாய் குடிச்சா செத்தா போயிடுவே?"

"என் புருஷன்கிட்டயும் இதையேதான் சொன்னீங்க. ஒவ்வொரு விசேஷத்துலயும் சொன்னீங்க."

கத்தால் உள்ளே போய், இனிப்புப் போடாத, புளித்த சோளக் கஞ்சியைச் சுரைக்குடுவையில் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

ஷாலிக் எழுந்தார். "கிளம்புடா," என்றார் மன்வேலிடம்.

மன்வேல் குடுவையை எடுத்துக் குடித்தான். முகம் கோணியது. "புளிக்குது அத்தே."

"பழகிக்கோ," என்றாள் லோஷா.

கல்யாணத்துக்கு ஷாலிக் வரவில்லை. ஊரில் பாதிப் பேர் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். காலையும் மாலையும் அவள் மலைப்பாதையில் நடக்கும்போது, "விறகும் இல்ல, ஆடும் இல்ல, சும்மா எங்கேடி போறே?" என்று கேலி செய்தார்கள்.

"கால் இருக்கு, நடக்கிறேன்," என்பாள்.

ஆறு மாதம் கழித்துத் தொண்ணூற்றேழு. "அடிக்கடி வந்து பார்த்துக்கோ, விட்டா திரும்பிடும்," என்றாள் நர்ஸ். அடுத்த தடவை லோஷாவோடு மூன்று பெண்கள் போனார்கள். அதில் ஒருத்தி ஷாலிக்கின் மனைவி.