பின் அட்டையில் ஒரு பொட்டு

இருபத்தொரு மணி நேரமாக அந்தப் புத்தகத்தை யாரும் தொடவில்லை. நேற்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு சரஸ்வதி பூஜையில் அடுக்கியது. இன்று காலை ஒன்பது மணிக்கு மறுபூஜை முடிந்து, வீட்டுக்காரர் ஆவுடைநாயகம் சூடத்தட்டை இறக்கி வைத்த பிறகுதான் வேணி அடுக்கில் கை வைத்தாள்.

குப்புறக் கிடந்த புத்தகத்தின் மேலிருந்த பூவை எடுத்தாள். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. அடியில் தோல் அட்டையில் விரல்நுனி அகலத்துக்குச் சிவப்பு.

"தோல் புத்தகத்துக்கு மட்டும் பொட்டு வைக்காத பிள்ள" என்று அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நாற்பது புத்தகத்துக்கு வரிசையாக வைத்துக்கொண்டே வந்தவளுக்கு, கை தன்போக்கில் நாற்பத்தொன்றாவதுக்கும் போய்விட்டது. துடைக்கலாம் என்று பார்ப்பதற்குள் அவர் பூவைப் போட்டு மணியடித்துவிட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யார் தொடுவது?

வேணி வேதியியல் படித்தவள். கடைக் குங்குமத்தின் சாயம் ஈரத்தோடு தோலுக்குள் இறங்கினால் வராது என்று தெரியும். எலுமிச்சம்பழம் தேய்த்தால் அட்டையே பாழாகும் என்பதும் தெரியும். ஒன்றும் செய்யாமல் மஞ்சள் துணியில் சுற்றி மேசைமேல் வைத்தாள்.

தாமிரபரணி கடலில் சேரும் பக்கம் மண்மூடிப்போன ஒரு துறைமுக நகரத்தைத் தோண்டிய வெள்ளைக்காரர் எழுதிய புத்தகம் அது. ஆவுடைநாயகத்தின் தாத்தா வாங்கியது. பத்து மணிக்கு அருங்காட்சியகத்திலிருந்து ஆள் வருகிறது, ஒரு வருடம் கண்ணாடிப் பெட்டியில் வைக்க. வீட்டுப் புத்தகங்களுக்குப் பட்டியல் எழுத வேணி சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவளுக்கு முன்னால் இருந்தவன் முறுக்குத் தின்ற கையோடு பக்கம் புரட்டினான் என்று அன்றைக்கே அனுப்பிவிட்டார் மனிதர்.

அருங்காட்சியகத்து மதார் சொன்ன நேரத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு படிவமும் உருப்பெருக்கிக் கண்ணாடியும்.

"வாரும் வே. உம்ம கண்ணாடியில எங்க தாத்தா ஆவி தெரியுதான்னு பாரும்" என்றார் ஆவுடைநாயகம்.

"பூச்சி அரிச்சது தெரிஞ்சா போதும் அண்ணாச்சி. பாத்தத எல்லாம் இதுல எழுதணும்." பக்கங்களைப் பையப் புரட்டினார். நடுவில் நின்றார். "உங்க கல்யாணப் பத்திரிகை கிடக்கு. இதையும் காட்சிக்கு வச்சிரவா?"

"வச்சா கூட்டம் தாங்காதுவே. எடுத்துக் குடும்."

வேணி சிரிக்கவில்லை. மதார் புத்தகத்தைத் திருப்பினார். கண்ணாடியைக் குனிந்து பிடித்தார். "இங்கன ஒரு பொட்டு இருக்கே."

ஆவுடைநாயகம் எட்டிப் பார்த்தார். இடது கண்ணில் புரை, அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. அந்தப் பின் அட்டையை அவர் பார்த்தே வருடக்கணக்காகியிருக்கும்.

"பொட்டா? அது தாத்தா கைங்கரியமால்லா இருக்கும். ஒரு நவமிக்கும் பொட்டு வைக்காம விடமாட்டாரே."

"அப்பம் நல்லதா போச்சு" என்றார் மதார். "நான் கறைன்னு நெனச்சேன். இது தகவல். இதையும் ஒரு அட்டையில எழுதி வச்சா சனங்க நின்னு பாக்கும்."

வேணி காலையிலிருந்து முதல் தடவையாக வயிறு நிறைய மூச்சு விட்டாள். யாரும் ஏசவில்லை. யாரையும் அனுப்பவில்லை. உள்ளே போய் மூன்று தம்ளர் காப்பி கொண்டுவந்தாள். தன் தம்ளரை நின்றபடியே குடித்தாள். சீனி போட மறந்திருந்தது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

மதார் சொல்லிக்கொண்டே எழுதினார். "பின் அட்டை. நடுவில் குங்குமப் பொட்டு. காலம், சுமார் நூறு வருசம்." படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். "பட்டியல் எழுதுன பிள்ளயும் ஒரு கையெழுத்துப் போடணும்."

பேனாவை வாங்கிக்கொண்டாள். மூன்று மாதமாகப் படித்த புத்தகம். ஒவ்வொரு பானை ஓட்டுத் துண்டும் எத்தனை அங்குல ஆழத்தில் கிடைத்தது என்று அந்த வெள்ளைக்காரர் எழுதியிருந்தார். உழவன் ஏரில் தட்டி வந்த ஒரு பானைக்கு மட்டும், ஆழம் தெரியாது, காலம் சொல்ல மாட்டேன் என்று விட்டிருந்தார். அந்தப் புத்தகத்தின் அட்டையில் இருக்கும் பொட்டுக்கே இவள் நூறு வருடம் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"என்ன பிள்ள, மை வரலையா?" என்றார் ஆவுடைநாயகம். குரலில் கோபம் இல்லை. காப்பி குடித்த சந்தோஷம்தான்.

வேணி பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். பயம் இருந்தது.

"சார், அது தாத்தா வச்சதில்ல. நேத்து பூஜையில நான் வச்சது."