மஞ்சள் முளைக்குச்சிகள்

சொல்லிச் சொல்லி வரைபடக்காரிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். மாதச் சம்பளக்காரி சொல்லும் ஏறாது போலிருக்கிறது.

எந்த ஊரில் சூரியத் தகடு, எந்த மேட்டில் காற்றாலை என்று வட்டாரம் முழுக்க இடம் பிரிக்கிற அலுவலகம் அது. செயற்கைக்கோள் படத்தில் வீடோ மரமோ பயிரோ தெரியாத இடத்துக்கெல்லாம் கம்ப்யூட்டர் தானாகவே மஞ்சள் பூசிவிடும். மஞ்சள் என்றால் காலி நிலம். அவள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். படம் எடுத்தது உச்சிக் கோடையில். அவளுடைய அக்கா ஊர் ஏரி அப்போது வறண்டு வெடித்துக் கிடந்தது. அவ்வளவுதான், முந்நூறு ஏக்கர் ஏரியும் மஞ்சள்! அக்காவின் வயல் அந்த மதகுத் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறது.

"படத்துல தண்ணி இருக்காம்மா?" என்றார் அதிகாரி.

"கோடையில எடுத்த படம் சார். பக்கத்துலயே கல்லு மேடு சும்மா கிடக்கு, தகட்டை அங்க வைக்கலாமே."

"மேட்டுக்கு ரோடு போடணும். ஏரி சமதளம். வெள்ளிக்கிழமை மேலிடத்துக்குப் போகணும், கையெழுத்தப் போடுங்க."

சூரிய மின்சாரத்தோடு அவளுக்கு என்ன பகை? வரட்டுமே. கண்ணைத் திறந்து பார்த்து வைக்கக் கூடாதா? கையெழுத்துக்கு முன்னாலேயே ஆள் அனுப்பி, ஏரிக்குள் எல்லை முளைக்குச்சி அடித்துவிட்டார்கள், தலையில் மஞ்சள் பெயின்ட்டோடு. அன்றைக்கே அக்கா போன் பண்ணினாள். "ஏண்டி, கலர் அடிச்சது நீதானாமே?"

அதற்குப் பிறகு நான்கு நாள் விடாத மழை.

வெள்ளிக்கிழமை காலை. பெரிய மேசையில் வரைபடம் விரிந்திருந்தது. அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள் அக்கா. இடுப்பில் செருகிய சேலை, முழங்கால்வரை சேறு, தோளில் சாக்கு. யாரையும் கேட்காமல் சாக்கை மேசைமேல் கவிழ்த்தாள். மஞ்சள் தலைக் குச்சிகள் சடசடவென்று உருண்டன.

"ஏரியில மிதந்துக்கிட்டு இருந்துச்சு. உங்க சாமான்தானே? எண்ணிப் பாத்துக்குங்க."

அதிகாரி பதறி எழுந்தார். "ஐயய்யோ, மேப்பு நனையுது! எடுங்கம்மா, சீக்கிரம் எடுங்க!"

வரைபடக்காரி பேனாவை அவர் பக்கமே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அக்கா பக்கத்தில் போய் நின்றாள். சேற்றுத் தண்ணீர் குச்சிகளுக்கு அடியிலிருந்து கசிந்து, மஞ்சள்மேல் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.