கடற்படை மன்றத்துக்கு ஒரு போர்க்காட்சி

ரோட்டர்டாமில் ஓவியர் லுபெர்ட்டின் பட்டறையில் கப்பல்களை மையால் வரைவது என் வேலை. படகில் போய்ப் போரைப் பார்த்து அவர் தாள்களில் கிறுக்கிக்கொண்டு வருவதை, வெள்ளை பூசிய பலகையில் பேனாவால் பெரிதாக்குவோம். இப்போதைய பலகை கடற்படை மன்றத்தின் சுவருக்குப் போகிறது.

இன்று கேப்டன் பாரென்ட் வந்தார். ஆங்கிலேயரோடு நடந்த, இந்தப் பலகையில் நாங்கள் வரையும் அந்தக் கடற்போரில் தன் கப்பலைச் சண்டைக்குள் விடாமல் ஒதுக்கி நிறுத்திக்கொண்டார் என்று ஊரே பேசுகிறது. அடுத்த வாரம் அதே மன்றத்தில் விசாரணை.

பலகையின் இடது ஓரத்தில் தன் கப்பலைக் கண்டுபிடித்தார்.

"லுபெர்ட், இது மேல கொஞ்சம் பீரங்கிப் புகையப் போட்டு மூடிடேன்."

"எப்படி மூடுறது? காத்து இடப்பக்கமிருந்து அடிக்குது. கொடியெல்லாம் வலப்பக்கம் பறக்குது. புகை மட்டும் உங்களுக்காகத் திரும்பி வருமா?"

"அப்ப கொடியையும் திருப்பு."

"அன்னிக்கு அந்தக் காத்தை மூஞ்சில வாங்கினவன் எல்லாம் இதைப் பார்க்க வருவானே, கேப்டன்!"

கேப்டன் சிரித்துவிட்டார். பீர் ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையோடு பலகைக்குக் கிட்டே போனவர் முகம் சுளித்தார்.

"எவன்டா என் கப்பலுக்கு இந்தப் பாயெல்லாம் வரைஞ்சது?"

"நான்தாங்க."

தாளில் அந்த இடம் நனைந்து கலைந்திருந்தது. அதனால் எல்லாப் பாய்களும் காற்றில் புடைத்திருப்பதாக வரைந்துவிட்டேன். மாலை ஓவிய வகுப்பில் துணி வரைந்து வரைந்து, புடைத்த பாய் எனக்கு நன்றாக வருகிறது என்பதும் காரணமாக இருக்கலாம்.

"இத்தனை பாயும் புடைச்சிருந்தா கப்பல் அங்க நிக்குமாடா? நேரா இங்கிலீஷ்காரன் மடியில போய் உக்காந்திருக்கும்! கப்பலையே பார்த்ததில்லையா நீ? நடுமரத்துப் பாயைக் காத்துக்கு எதிராத் திருப்பி வெச்சிருந்தேன். அப்பதான் நகராம..."

நிறுத்திக்கொண்டார். லுபெர்ட் பேனாவைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

என் பாய்களை அப்படியே விட்டால், மன்றத்தார் கண்ணுக்கு அவர் சண்டைக்குள் விரைந்துகொண்டிருப்பார். இது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கும் அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"இப்படியே விட்டுடட்டுங்களா, கேப்டன்?" என்று கேட்டேன்.

பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடல்ல போன எவனாவது பார்த்தா, பாரென்ட்டுக்குப் பாய் பிடிக்கவே தெரியலைன்னு சிரிப்பான்" என்றார். பிறகு, "சுரண்டு."

மையைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். பாய் எந்த அளவுக்குத் திரும்பியிருந்தது என்று கேட்டேன். கையைச் சாய்த்துக் காட்டினார். நான் வரைந்து முடிக்கும்வரை அந்தக் கையை அவர் இறக்கவில்லை.