காவலாளிக்குப் பின்னால் ஒருவன்

அக்கா, பெரியப்பா மகனைப் பற்றி நான் பொய் சொல்கிறேன் என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறீர்கள். இதை முதலில் நீ படி. அப்புறம் அம்மாவுக்குப் படித்துக் காட்டு. அப்பா பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் சத்தமாகவே படி.

போன பருவத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த அண்ணன் சொன்ன மாதிரிதான் தெரியும். நாங்கள் இருவரும் படிக்கும் அனிமேஷன் வகுப்புக்காக நான் கம்ப்யூட்டரில் செய்த நடக்கும் பொம்மையை அவர் எடுத்து, எனக்கு முன்பே தன் பெயரில் கொடுத்துவிட்டார். என் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்தவரே அவர்தானே. இரண்டும் ஒன்று என்று தெரிந்ததும், பிந்திக் கொடுத்த நான் திருடி ஆனேன். மதிப்பெண் பூஜ்ஜியம். இன்னொரு முறை நடந்தால் வெளியே அனுப்பிவிடுவோம் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்கள்.

அன்றைக்கு வீடியோ காலில் அவர் அப்பாவிடம் பேசும்போது நான் பின்னால்தான் நின்றிருந்தேன்.

"சின்னப் பொண்ணு சித்தப்பா, தெரியாமப் பண்ணிட்டா. நான் பாத்துக்கறேன்."

சொல்லும்போது இடது காது மடலை இரண்டு விரலால் இழுத்துக்கொண்டார். பொய் வரும்போதெல்லாம் இழுப்பார். அப்பா என்னைக் கூப்பிட்டு, "அண்ணன் கால்ல விழுந்தாவது தொழில கத்துக்க" என்றார். அதற்குப் பிறகு அப்பா என்னிடம் பேசவே இல்லை.

நான் அழவில்லை. பாஸ்வேர்டை மாற்றவும் இல்லை.

இந்தப் பருவத்துக்கு ஒரு நிமிடப் படம். ஒரு காவலாளி கிடங்கைச் சுற்றி வந்து ஒவ்வொரு பூட்டாக இழுத்துப் பார்ப்பார். திரும்பினால் விசில் இருக்காது. இன்னொரு சுற்று, டார்ச் இருக்காது. கடைசியில் தலையைத் தடவினால் தொப்பியும் இருக்காது. மறதிக்காரக் காவலாளி என்று பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

ஆனால் காவலாளிக்குப் பின்னால் நான் இன்னொருவனைச் செய்தேன். கட்டம் போட்ட சட்டை, தாழ்ந்த இடது தோள், குதிகால் தரையில் படாத நடை. ஒவ்வொன்றாகத் திருடுகிறவன் அவன்தான். காவலாளி திரும்பும்போதெல்லாம் காதை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பான்.

அந்தக் காது இருக்கிறதே அக்கா, ஒரு நொடிக்கு இருபத்து நான்கு படம். முதலில் முழங்கை நெஞ்சுக்குள் புகுந்தது. அப்புறம் காது ரப்பர் மாதிரி நீண்டது. சலவை அறையில் போனைச் சாய்த்து வைத்து, நானே அவர் மாதிரி நடந்து, காதை இழுத்து, வீடியோ எடுத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். துணியோடு வந்த மாடி வீட்டம்மா நின்று பார்த்தார்.

"என்னம்மா, காது வலியா?"

"இல்லீங்க, பாடம்."

"நல்ல பாடம்தான் போ!"

இனி சொல்வதுதான் முக்கியம். நாங்கள் வேலை செய்யும் திரையின் ஓரத்தில் ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரு கண், ஒரு கேமரா. கண்ணை மூடினால் பொருள் நமக்குத் தெரியாது. கேமரா திறந்திருந்தால் முடித்த படத்தில் வந்து நிற்கும். முதல் மாதம் நான் ஒரு பெட்டியின் கண்ணை மட்டும் மூடிவிட்டுக் கேமராவை மறந்துவிட்டேன். என் படத்தில் பெட்டி ஆகாயத்தில் தொங்கியது. அன்றிலிருந்து வகுப்பில் எனக்குப் பெயரே பெட்டி.

திருடனையும் அவன் நிழலையும் ஒரே தொகுப்பில் போட்டு, அதற்குப் 'பெட்டி' என்று பெயர் வைத்தேன். கண்ணை மூடினேன். கேமராவைத் திறந்து விட்டேன்.

"என்ன பெட்டி, எப்பக் குடுக்கற?" என்று அண்ணன் கேட்டார்.

"வெள்ளிக்கிழமைண்ணா."

வியாழக்கிழமையே என் படத்தை அவர் தன் பெயரில் கொடுத்துவிட்டார். முடித்த படத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அதை நம்பித்தான் இவ்வளவும். ஒருவேளை பார்த்திருந்தால் என் கதை முடிந்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் வந்திருப்பேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லோர் படத்தையும் போட்டுக் காட்டினார்கள். திரையில் அண்ணன் பெயர் வந்தது. காவலாளி வந்தார். பின்னாலேயே அண்ணனும் வந்தார். முதல் வரிசையில் ஒருவன் கொக்கரித்தான். கடைசியில் திருடன் தொப்பியை மாட்டிக்கொண்டு குனிந்து வணக்கம் சொன்னபோது வகுப்பே அண்ணன் பக்கம் திரும்பியது.

"யாருப்பா அது? அப்படியே உன்ன மாதிரி இருக்கு?" என்றார் டீச்சர்.

அண்ணன் எழுந்தார். "நான்தான் மேடம். சும்மா... என்னையே கிண்டல் பண்ணிக்கிட்டேன்."

கைதட்டினார்கள் அக்கா! என் திருடனையும் அவரே எடுத்துக்கொண்டார்.

"காத இழுக்கற இடம் பிரமாதம். ஃபைலத் திறந்து காட்டு, எல்லாரும் கத்துக்கட்டும்."

திறந்தார். காவலாளி மட்டும் இருந்தார். பெரிதாக்கினார், சுற்றினார், கிடங்குக்குப் பின்னால்கூடப் போய்த் தேடினார்.

"எங்க அவன்?"

"கம்ப்யூட்டர் ஏதோ மக்கர் பண்ணுது மேடம்," என்றார். கை தானாகக் காதுக்குப் போனது. அப்போது எழுந்த சிரிப்பு நீங்கள் இருக்கும் ஊர் வரை கேட்டிருக்க வேண்டும்.

நான் எழுந்து போனேன்.

"கொஞ்சம் தள்ளுங்கண்ணா."

பட்டியலில் 'பெட்டி'யைத் தேடிக் கண்ணைத் திறந்தேன். அண்ணன் திரையில் வந்து நின்றார். அடுத்து, சலவை அறை வீடியோவைப் போட்டேன். யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் மதிப்பெண் தாளை எடுத்து அண்ணன் பெயரை அடித்தார். போன பருவத்துப் பொம்மை ஃபைலையும் கொண்டு வரச் சொன்னார்.

என் பெயரில் அந்தப் படம் வெளியே ஒரு போட்டிக்குப் போகிறது. திருடன் இருந்தால்தான் படமே என்கிறார் டீச்சர். பெரியம்மா அழுதாராம், நேற்று அம்மா போன் பண்ணினாள்.

"நாலு பேரு பாப்பாங்கடி. அவன் முகத்தையாவது மாத்திடு."

"மூக்க மாத்தறேம்மா. சட்டைய மாத்தறேன்."

"அப்ப காது?"

"அப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசட்டும். அப்பவும் காதை மாத்த மாட்டேன்."